கிணற்றடி, குசினிப்பக்கம், வேலி: வன்னி வளவில் கறியிலைகளும் சாப்பிடும் பூக்களும்

தங்கச்சி கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மாங்குளம் பக்கம் அரை ஏக்கர் வளவு, ஒரு கிணறு. காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பங்குனி மாதம் லாவெண்டர், தைம், பேசில், கொத்தமல்லி, புதினா எல்லாம் சாடிகளில் போட்டிருக்கிறார். வைகாசிக்குள் எல்லாம் போய்விட்டன. கடைசிவரை நின்ற புதினாவும் இலையோரம் பழுப்பாகிக் கருகியது. கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா, இந்த மண்ணில் சமையலுக்கு என்ன இலை வைக்கலாம், எந்தப் பூக்களைச் சாப்பிடலாம், எவற்றைத் தொடக்கூடாது, மிஞ்சினால் விற்கலாமா என்று கேட்கிறார்.

முதல் பிழை மாதத்தில். வன்னியில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும்தான் கொட்டுகிறது. பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும், வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் புரட்டாதி வரை காற்று நிற்காது. பலர் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் மெல்லிய இலைச் செடிகளைக் கொல்வது அந்தக் காய்ந்த காற்று. காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானத்துக்குள் இலையிலிருந்தே உறிஞ்சி எடுத்துவிடும். நெல்லுக்குக் காலபோகம் இருப்பதுபோல இந்தச் சின்னச் செடிகளுக்கும் ஒரு போகம் உண்டு. கடும் மழை ஓய்ந்ததும், அதாவது மார்கழி நடுவிலிருந்து தை முடிய, விதை போடுங்கள். தண்டு நட்டு வளர்ப்பவற்றை ஐப்பசி முதல் மழையோடு நடுங்கள். பங்குனிக்கு முன்னர் வேர் ஆழப் போய்விட வேண்டும்.

லாவெண்டரை மறந்துவிடுங்கள். குளிர் இல்லாமல் அது உருப்படாது, இங்கே மாரி ஈரத்தில் வேர் அழுகும். படத்தில் அழகாகத் தெரியும் பான்சி, நஸ்டேர்ஷியம் பூக்களும் நுவரெலியாப் பக்கத்துச் சாமான்கள். தைம் ஒரு சாடியில் கார்த்திகை முதல் மாசி வரை வரும், பிறகு போனால் கவலைப்படாதீர்கள். பேசில் மட்டும் வேறு கதை. அது நம்முடைய திருநீற்றுப்பச்சைதான். ஃபலூடாவுக்குப் போட என்று கடையில் கசகசா என்ற பெயரில் ஒரு கறுப்பு விதை விற்கிறார்களே, அது இதன் விதை. நான் ஒரு பக்கற்றில் கொஞ்சத்தை மண்ணில் தூவிப் பார்த்தேன், ஆறாம் நாள் முளைத்துவிட்டது. வாசனை இத்தாலிய வகையைவிடக் கொஞ்சம் காரமாக இருக்கும். பூங்கொத்து வரவர நுனியைக் கிள்ளினால் மாதக்கணக்கில் இலை தரும். விதைப் பக்கற்றுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்குமுன் குசினி அலுமாரியை ஒருதரம் பாருங்கள்.

சரி, எதை எங்கே வைப்பது? நான் வளவை மூன்று இடமாகப் பிரிப்பேன்: கிணற்றடி, குசினிப்பக்கம், வேலி. கோடையில் தண்ணீர் எவ்வளவு தூரம் சுமக்கப்படும் என்பதை வைத்துத்தான் இந்தப் பிரிப்பு. இரண்டு பேர் உள்ள வீட்டில் ஆடி மாதம் அரை ஏக்கருக்கும் வாளி தூக்க ஆளில்லை.

கிணற்றடியில் வல்லாரை, பொன்னாங்காணி, றம்பை, புதினா. நான்குக்கும் ஈரமும் அரை நிழலும் வேண்டும். வல்லாரைக்கு விதை தேட வேண்டாம், கணுவில் வேர்விட்ட ஒரு கொடித்துண்டு போதும். பொன்னாங்காணியைச் சந்தையில் வாங்கி, இலையை ஆய்ந்து வறைக்கு எடுத்துக்கொண்டு, தண்டைச் சாய்த்து நட்டுவிடுங்கள். புதினாவும் அப்படியே, அதை மட்டும் முதலில் ஒரு கிளாஸ் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் தெரியும். புதினாவை ஒருபோதும் நிலத்தில் வைக்காதீர்கள். நான் ஒரு மாரியில் வல்லாரைப் பாத்தியின் மூலையில் ஒரு தண்டு வைத்தேன். அடுத்த தையில் வல்லாரை எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. நிலத்துக்கடியில் ஓடும் தண்டு அது, அடி அகன்ற சாடிக்குள் அடைத்து வைப்பதுதான் நல்லது.

இதில் ஒரு எச்சரிக்கை. கிணற்றடி என்றதும் குளித்த, உடுப்புத் தோய்த்த தண்ணீர் ஓடும் வாய்க்காலில் வல்லாரையை விடுவது நம் பழக்கம். தளதளவென்று வரும், உண்மைதான். ஆனால் வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போட்டுச் சாப்பிடுகிறோம். எலி ஓடும் வாய்க்காலில் வளர்ந்ததை வேகவைக்காமல் சாப்பிடுவது எலிக்காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் கதவு திறந்துவிடுகிற வேலை. பச்சையாகச் சாப்பிடுவதை மேட்டுப் பாத்தியில், அள்ளிய நல்ல தண்ணீரில் வளருங்கள். வாய்க்கால் தண்ணீர் வாழைக்குப் போகட்டும்.

இனி இலையோரம் கருகிய விஷயம். ஆம், கிணற்றுத் தண்ணீருக்கும் அதில் பங்கு இருக்கும். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் வன்மை கூடியது. தேநீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் சாடி விளிம்பிலும் படிகிறது. நிலத்தில் நிற்கும் செடிக்கு மாரி மழை வருடம் ஒருமுறை உப்பைக் கழுவிவிடும். தாழ்வாரத்துக்குக் கீழே வைத்த சாடிக்கு அந்தக் கழுவல் கிடைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் சாடிக்குத் தெளிக்காமல், அடித்துவாரத்தால் வழியும்வரை ஊற்றி, அடுத்த முறை மேல்மண் காய்ந்தபின் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் சாடிகளை வெளியே தள்ளி நனையவிடுங்கள். கூரைப் பீலிக்குக் கீழே ஒரு பரல் வைத்து, நுளம்பு போகாமல் வலை கட்டிவிட்டால் புதினாவுக்கும் நாற்றுகளுக்கும் மாசிவரை மழைத்தண்ணீர் தாங்கும். கறுப்புப் பிளாஸ்டிக் சாடி வெயிலில் வேரை அவித்துவிடும். மண்சாடி நல்லது, வெள்ளை உரப்பையை மடித்து வைத்தாலும் போதும்.

மண் கலவைக்கு உங்கள் பக்கத்துச் சிவப்பு மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு, அதாவது தென்னந்தும்புத் தூள், ஒரு பங்கு. தும்புச்சோற்றை இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும். பச்சை எரு போட்டால் நாற்று வெந்துபோகும். அப்புறம், நல்ல மண் என்று காட்டோரத்துக்குப் போய் அள்ளாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடிந்த இடமா என்று தெரியாத நிலத்தில் மண்வெட்டி வைப்பது நம் ஊரில் இன்னும் விளையாட்டு இல்லை.

குசினிப்பக்கம் தினமும் கை நீட்டிப் பறிப்பவற்றுக்கு. முதலில் கறிவேப்பிலை. 2010 இல் நாங்கள் ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மிஞ்சியது ஒரு வேம்பும், அடியோடு எரிந்து மறுபடி வேரிலிருந்து வெடித்த ஒரு கறிவேப்பிலைப் பற்றையும்தான். அதன் வேர்க்கன்றுகளைத்தான் இன்றைக்கும் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். மழைக்காலத்தில், தாய் வேரோடு ஒரு சாண் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். விதையென்றால் கறுத்துப் பழுத்ததைப் பறித்து, தோலும் சதையும் நீக்கி அந்தக் கிழமையே போடுங்கள். காய்ந்த விதை முளைக்காது. இடுப்பளவு உயரம் வந்ததும் நுனியை வெட்டினால் பக்கக் கிளைகள் வரும். இலைக் குச்சிகளை உருவாமல், கிளையோடு கத்தரியுங்கள். பூ வந்தால் கிள்ளுங்கள், காய்க்க விட்டால் இலை குறையும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு கூடிய தண்ணீரால் வேருக்கு எடுக்க முடியாமல் போகிறது. புளித்த மோர் ஊற்றுவது அம்மாமார் காலத்து வைத்தியம். பிழை சொல்லமாட்டேன், ஆனால் ஒரு செம்பு மோரால் ஒரு மரத்தடி மண் மாறாது. மக்கிய எருவும் சருகு மூடாக்கும் நிறையப் போடுங்கள், மோரை நீங்கள் குடியுங்கள்.

கொத்தமல்லி இலை எங்கள் சின்ன வயதுச் சமையலில் பெரிதாக இல்லை. மல்லி என்றால் தடிமனுக்கு அவித்துக் குடிக்கும் விதைதான். இப்போது இலை இல்லாமல் சாம்பார் இல்லை என்றாகிவிட்டது. விதையை உள்ளங்கையால் இலேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு இரவு ஊறவைத்து, மார்கழி கடைசியில் நேரே பாத்தியில் போடுங்கள். நாற்றுப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு பூத்துவிடும். முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம், இலை பறிக்க நாற்பது நாள். பத்து நாளைக்கு ஒரு பிடி என்று பிரித்துப் போட்டால் மாசி முடிய இலை இருக்கும். பங்குனிக்குப் பிறகு எப்படிப் போட்டாலும் தண்டு நீண்டு பூக்கும். அப்போது அதை விதைக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் சொல்ல அதிகம் இல்லை. கற்பூரவள்ளியைக் கொல்வது கூடுதல் தண்ணீர் ஒன்றுதான்.

வேலிக்கு வருவோம். சோளகம் அடிக்கும் தென்மேற்குப் பக்கம் கிளுவை அல்லது சீமைக்கிளுவைக் கதிகாலை (வேலிக்கு நடும் தடித்த கிளைத்துண்டு) நெருக்கி நடுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான், மற்றெல்லாம் அதற்குப் பிறகு. சீமைக்கிளுவை இலையை வெட்டி மூடாக்காகவும் போடலாம். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது பசளைக்கு அந்த இலையைத்தான் நாங்கள் நம்பியிருந்தோம். அந்த வேலியிலேயே முசுட்டை, தூதுவளை, முடக்கொத்தான், குறிஞ்சா படரும். இவை பெரும்பாலும் தானாக வரும், வேலி துப்புரவு செய்கிறேன் என்று நீங்கள் வெட்டி எறியாமல் இருந்தால். தூதுவளையில் முள் இருப்பதால் படலைப் பக்கம் வைக்காதீர்கள்.

பூக்களைப் பற்றிக் கேட்டீர்கள். கேக் மேல் வைக்கும் பூ என்று நினைத்துக் கேட்டிருந்தால் மன்னிக்கவும், நான் கறிப் பூவிலிருந்துதான் தொடங்குவேன். வன்னி வளவில் சாப்பிடும் பூ ஏற்கெனவே நிற்கிறது. பங்குனி சித்திரையில் வேம்பு பூத்துக் கொட்டும். முதல் நாள் மாலை அடியைக் கூட்டிவிட்டுப் பனையோலைப் பாயை விரித்து வைத்தால் விடிய முன்னர் வெள்ளையாகக் கிடக்கும். புடைத்து, காயவைத்துப் போத்தலில் அடைத்தால் வருடம் முழுக்க ரசத்துக்கும் வறுவலுக்கும் காணும். வடகத்துக்கு உழுந்தை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், உப்போடு பூவையும் பிசைந்து, சின்னத் தட்டையாகத் தட்டி நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள். பூ கூடினால் கசப்பும் கூடும். எங்கள் வீட்டில் பூவும் மாவும் சரிபாதி, வந்து சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு.

முருங்கைப்பூவையும் அகத்திப்பூவையும் வறை செய்யலாம். அகத்தியில் வெள்ளைப்பூ கசப்புக் குறைவு. உள்ளே இருக்கும் நரம்பு போன்ற மகரந்தக் காம்பையும் அடிப் பச்சையையும் கிள்ளி எறிந்துவிட்டுத் தேங்காய்ப்பூவோடு வதக்குங்கள். முருங்கைப்பூவை மரத்திலிருந்து உருவினால் காய் போய்விடும், கீழே உதிர்ந்த புதுப் பூவே போதும். பூசணியில் ஆண்பூவை மட்டும் எடுங்கள். மெல்லிய நீளக் காம்பில் நிற்பது ஆண், அடியில் குட்டிப் பூசணிக்காய் இருப்பது பெண். கொடி முதலில் ஆண்பூக்களையே விடும், “பூக்கிறது, காய்க்கவில்லை” என்று அந்தக் கிழமையில் பலர் பதறுவார்கள். விடிய விரிந்த பூவில் வண்டுகள் வந்து போன பிறகு, ஒரு ஒன்பது மணிக்கு, ஐந்தாறை விட்டுவிட்டு மிச்சத்தைப் பறித்துக் கடலைமாவில் தோய்த்துப் பொரியுங்கள். பறிக்கும்போது உள்ளே வண்டு இருக்கிறதா என்று பாருங்கள், எனக்கு ஒருதரம் விரலில் கொட்டியது.

நிறத்துக்கு நீலச் சங்குப்பூ. கருவிளை என்றும் சொல்வோம், கோயிலுக்குப் பறிப்பது. விதையை ஒரு இரவு ஊறவைத்து வேலியடியில் போட்டால் இரண்டு மாதத்தில் பூக்கும். அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்கும் நல்லது. ஏழெட்டுப் பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் நீலம் இறங்கும், தேசிக்காய் பிழிந்தால் ஊதாவாக மாறும். அதே தண்ணீரில் இடியப்ப மாவைக் குழைத்தால் பிள்ளைகள் தட்டை விட்டு எழும்பமாட்டார்கள். பூ மட்டும்தான், விதையும் வேரும் பேதி. செவ்வரத்தையில் ஐந்து இதழ் உள்ள நாட்டுச் சிவப்பு நல்லது. பென்சில் தடிப்பில் ஒரு சாண் தண்டை ஐப்பசியில் நட்டால் பிடித்துவிடும். இதழைத் தேநீராக்கலாம், நறுக்கிச் சம்பலிலும் சேர்க்கலாம். வெள்ளைப் பூச்சி பிடித்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

ஆவரசு மன்னார், பூநகரிப் பக்கப் பற்றைகளில் தானாக மஞ்சளாகப் பூத்து நிற்கும். தண்ணீர் கேட்காத ஒரு பூச்செடி வேண்டுமென்றால் வளவின் கடைசி மூலையில் இதைப் போடுங்கள். பூவைக் காயவைத்துத் தேநீர் போல் குடிக்கலாம். நீரிழிவுக்கு நல்லது என்பார்கள். அதை நம்பி வைத்தியர் தந்த குளிசையை நிறுத்தியவர்களையும் நான் கண்டிருக்கிறேன், நீங்கள் அந்த வேலை பார்க்காதீர்கள். இலுப்பைப் பூவைப் பற்றிப் பழமொழி எல்லாம் இருக்கிறது, ஆலை இல்லா ஊரின் சர்க்கரை அது. ஆனால் இன்றைக்கு நட்டால் பூவைப் பார்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். குளக்கட்டில் நிற்கும் பழைய மரத்தடியில் விடிய முன்னர் போனால் வௌவால் மிச்சம் வைத்தது கிடைக்கும்.

தொடக்கூடாதவை. அலரி, வெள்ளை சிவப்பு மஞ்சள் எதுவானாலும், பூ முதல் விதை வரை இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கார்த்திகைப்பூச் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். மாரியில் வேலியோரம் வெட்டும்போது வள்ளிக்கிழங்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஊமத்தை, எருக்கலை, சாடியில் வைக்கும் அடினியம் எல்லாம் அப்படித்தான். நித்தியகல்யாணி என்கிற பட்டிப்பூவிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. அதனாலேயே அதை வீட்டில் அவித்துக் குடிக்கக்கூடாது, அவ்வளவு வலுவான சாமான். தெரிந்த பூவாக இருந்தாலும் கடையில் வாங்கியது, மாலையில் இருந்தது, மருந்தடித்த வயலோரம் நின்றது வேண்டாம். முதல்தரம் ஒரு பூ, அடுத்த நாள் ஒன்றும் செய்யவில்லை என்றால் கறி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பூத்தேநீர் எதையும் வைத்தியரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

எதிரிகளில் மயில்தான் முதல். கொத்தமல்லி முளையை ஒரு காலையில் முடித்துவிடும். பாத்திக்கு மேல் பழைய மீன்வலையைக் குச்சியில் தூக்கிக் கட்டுங்கள், வேறெதற்கும் அது பயப்படாது. விதையை எறும்பு தூக்கினால் பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் குறுனல் அரிசி தூவிவிடுங்கள், அதைத் தூக்குவதற்குள் விதை முளைத்துவிடும். கறிவேப்பிலை இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. தேசியும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம், அதனால் இரண்டுக்கும் வரும். கையால் எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். மீறினால் உடைத்த வேப்பம்பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். நத்தைக்கு மாரி இரவில் ரோச் லைற்றும் வாளியும்தான்.

விற்பது பற்றி. வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை மூன்றுக்கும் சந்தையில் எப்போதும் ஆள் உண்டு. புதினா வெள்ளி, சனி கொஞ்சம் ஓடும். விடிய ஐந்து மணிக்குப் பறித்து, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பத்து மணிக்குப் பிறகு வாடிய கட்டை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒருமுறை ஒரு கடைக்காரர் முப்பது கட்டு வல்லாரை எடுத்துக்கொண்டு காசை நாளை தருகிறேன் என்றார், அந்த நாளை இன்னும் வரவில்லை. காய்ந்த வேப்பம்பூவும் வடகமும் அப்படி அவசரப்படுத்தாது, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் ஆடி ஆவணியில் தேடி வந்து வாங்குவார்கள். ஐப்பசியில் இந்தப் பக்கம் வந்தால் கறிவேப்பிலை வேர்க்கன்று இரண்டு தருகிறேன், ஈரச் சாக்கு ஒன்று கொண்டு வாருங்கள்.